ஆங்கிலச் சொல் ஏன் நிற்கவில்லை? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை ஆங்கிலம் எடுக்கிற எல்லோருக்கும் ஒரே புகார்தான்: "வேர்ட் மீனிங் எவ்வளவு குடுத்தாலும் பசங்களுக்கு நிக்க மாட்டேங்குது." தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் எந்தப் பள்ளியின் ஆசிரியர் அறையில் உட்கார்ந்தாலும் இதைக் கேட்கலாம். அதற்கு நாம் கொடுக்கும் மருந்தும் ஒன்றுதான்: பத்துத் தடவை எழுதிக்கொண்டு வா.

ஆனால் சொல் நிற்காததற்குக் காரணம் பிள்ளைக்குப் பிள்ளை வேறு. ஒருவருக்குப் பலகையே சரியாகத் தெரியவில்லை. இன்னொருவருக்கு எழுத்தின் ஒலி பிடிபடவில்லை. மூன்றாமவருக்கு நாம் கொடுத்த தமிழ்ப் பொருள் புரியவில்லை. நான்காமவர் அந்தச் சொல்லை ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறார். இந்த நான்கு பேருக்கும் இம்போசிஷன் கொடுத்தால் கை வலிக்கும், சொல் வராது.

அதனால் முதலில் ஒரு பொதுச் சோதனை. போன மாதம் நடத்திய பாடங்களிலிருந்து பத்துச் சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். மாணவரைத் தனியாக அழைத்து, மற்றவர்கள் காதில் விழாதபடி, நான்கு வேலை சொல்லுங்கள். சொல்லைக் காட்டிப் படிக்கச் சொல்லுங்கள். பொருள் கேளுங்கள். புத்தகத்தை மூடிவிட்டு, நீங்கள் சொல்லச் சொல்ல எழுதச் சொல்லுங்கள். கடைசியாக, அதை வைத்து ஒரு வாக்கியம் கேளுங்கள். எந்தப் படியில் முதலில் தடுக்கிறதோ, அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொரு தலைப்பிலும் செலவில்லாத, சீக்கிரம் முடிகிற காரணம் முதலில் இருக்கிறது. நம் கையை மீறியது கடைசியில்.

## அறிகுறி 1: படிக்கவே தடுமாறுகிறார், அல்லது சந்தேகப்படும் அளவுக்குச் சரளமாகப் படிக்கிறார்

### முதல் சோதனை: வரிக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது?

எட்டாம் வகுப்புப் பெண் ஒரு பத்தியைத் தங்குதடையில்லாமல் படிக்கிறாள். அருகில் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு ஆங்கில வரிக்கு மேலும் பென்சிலில் பொடி எழுத்தில் "தி பாய் வாஸ் ஸ்டேண்டிங் நியர் தி டோர்" என்று இருக்கிறது. பென்சில் வரியின் மேல் ஸ்கேலை வைத்து மறைத்தால் இரண்டாவது சொல்லிலேயே நின்றுவிடுகிறாள். அவள் படித்தது தமிழ். சில கைடுகளில் இதை அச்சிட்டே தருகிறார்கள்.

இதில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. கிட்டத்தில் கண் சரியாகத் தெரிகிறது, எழுத்துக் கூட்டும் திறமை இருக்கிறது என்பது உறுதி. ஆங்கில எழுத்தின் ஒலி மட்டும்தான் பாக்கி.

### தமிழ் நன்றாகப் படிக்கிறார் என்றால்

எழுத்தின் பெயரை விட்டுவிட்டு ஒலியிலிருந்து தொடங்குங்கள். 'ஸ், அ, ட், ப், இ, ன்' என்ற ஆறு ஒலிகளை மட்டும் வைத்துக்கொண்டே 'சிட், பின், ஸ்பின், டின்' மாதிரியான பல சொற்களைக் கூட்ட முடியும். பிறகு இரண்டு மூன்று ஒலிகளாகச் சேர்த்துக்கொண்டே போகலாம். தினமும் பாடவேளையின் முதல் பத்து நிமிடம் போதும். ஒன்பதாம் வகுப்புக்கு இதைச் செய்ய வெட்கப்படத் தேவையில்லை. 'இது சின்ன பசங்க பாடம்' என்ற பேச்சு வராதபடி பெரிய வகுப்புச் சொற்களையே எடுத்துக்கொண்டால் போதும்.

தமிழ் வழியில் எழுத்துக் கற்றவர்களுக்கு ஒரு இடம் கட்டாயம் இடிக்கும். பலகையில் தமிழில் 'பேக்' என்று எழுதி, இதை ஆங்கிலத்தில் எழுதுங்கள் என்று சொல்லிப் பாருங்கள். தோளில் மாட்டும் பை, முதுகு, கட்டி அனுப்புவது, அடுப்பில் சுடுவது எல்லாமே தமிழில் அதே 'பேக்'. எதை எழுதுவது என்று வகுப்பே திகைக்கும். வரிக்கு மேல் தமிழில் எழுதிக்கொள்பவருக்கு இந்த வேறுபாடுகள் அத்தனையும் அழிந்துபோகின்றன. தொண்டையில் விரலை வைத்து 'டீ', 'டீசல்' என்று மாற்றி மாற்றிச் சொல்லச் சொல்லுங்கள். இரண்டாவதில் தொண்டை அதிர்வது விரலுக்குத் தெரியும். 'பை', 'பஸ்' என்றும் சொல்லிப் பார்க்கலாம். ஒரு முறை விரல் உணர்ந்துவிட்டால் காதும் பிரித்துக் கேட்கத் தொடங்குகிறது.

தளி, தேன்கனிக்கோட்டை, கெலமங்கலம் பக்கம் வீட்டில் கன்னடமோ தெலுங்கோ எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் இருந்தால் அவர்களை முன்னால் நிறுத்துங்கள். அந்த எழுத்துகளில் இந்த ஒலிகளுக்குத் தனித்தனி எழுத்து உண்டு. மற்றவர்களைவிட அவர்கள் சீக்கிரம் பிடிப்பார்கள். வகுப்புக்கும் சொல்லித் தருவார்கள்.

பென்சில் தமிழை ஒரே நாளில் தடை செய்யாதீர்கள். தடை போட்டால் நோட்டை ஒளித்து வைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். இந்த வாரம் ஒரு பக்கத்துக்கு ஐந்து சொல்லுக்கு மட்டும் எழுதிக்கொள்ளலாம், அடுத்த வாரம் மூன்று என்று குறைத்துக்கொண்டே வாருங்கள்.

### தமிழ் படிப்பதிலும் தடுமாறுகிறார் என்றால்

நேராகக் கடைசி அறிகுறிக்குப் போங்கள்.

## அறிகுறி 2: நேற்று ஒப்பித்தார், இன்று நினைவில்லை

### முதல் சோதனை: அந்தச் சொல் கடைசியாக எப்போது வந்தது?

நோட்டைத் திறந்து தேதியைப் பாருங்கள். சொல் கொடுத்த நாளுக்கும் தேர்வு நாளுக்கும் நடுவில் அது ஒரு தடவைகூட வரவில்லையென்றால் பிள்ளையின் நினைவாற்றலைக் குறை சொல்ல வழியில்லை. ஒரு முறை கேட்ட சொல் யாருக்கும் நிற்காது.

மறுநாள், மூன்று நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து என்று அதே சொல் திரும்ப வர வேண்டும். இதற்குத் தனிப் பாடவேளை வேண்டாம். பலகையின் ஒரு மூலையில் தினமும் பழைய சொல் ஐந்து. வருகைப்பதிவு எடுக்கும் நேரத்தில் முடிந்துவிடும். முக்கியமானது ஒன்றுதான்: புத்தகமும் நோட்டும் மூடியிருக்க வேண்டும். பார்த்துப் பத்துத் தடவை படிப்பதைவிட, பார்க்காமல் ஒரு தடவை யோசித்து எடுப்பது சொல்லை நன்றாகப் பதிக்கும். தப்பாகச் சொன்னாலும் பரவாயில்லை, உடனே திருத்திவிடுங்கள்.

வீட்டுக்கு வந்து சேர்ந்த பழைய கல்யாணப் பத்திரிகைகளைத் துண்டுகளாக வெட்டினால் நல்ல அட்டை கிடைக்கும். ஒரு பக்கம் ஆங்கிலச் சொல், மறுபக்கம் பொருளும் ஒரு சின்ன வாக்கியமும். மூன்று கவர். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த கவருக்குப் போகும், தவறினால் முதல் கவருக்குத் திரும்பும். முதல் கவரைத் தினமும், இரண்டாவதை வாரம் இருமுறை, மூன்றாவதை வாரக் கடைசியில் எடுத்தால் போதும். வீட்டில் ஆங்கிலம் தெரிந்தவர் யாரும் இல்லாத பிள்ளையும் தனியாகச் செய்யலாம்.

### அது சரியாக நடக்கிறது, ஆனாலும் மறக்கிறார் என்றால்

எத்தனை சொல் கொடுக்கிறீர்கள்? ஒரு பாடத்துக்கு இருபது முப்பது சொல்லை ஒரே நாளில் எழுதிப்போட்டால் ஆறேழு தங்குவதே பெரிது. எது தங்கும் என்பதைப் பிள்ளையின் அதிர்ஷ்டத்துக்கு விட்டுவிடாமல் நாமே ஆறேழு சொல்லைத் தேர்ந்தெடுக்கலாம். தேர்ந்தெடுக்க ஒரு எளிய வழி: அறிவியல், சமூக அறிவியல் புத்தகத்திலும் இந்தச் சொல் வருமா? 'இன்க்ரீஸ், ரெட்யூஸ், காஸ், சர்ஃபேஸ், மெத்தட், கம்பேர்' போன்றவை எங்கு போனாலும் எதிரே வரும். ஆங்கில வழிப் பிரிவில் படிப்பவருக்கு இவை தெரியாவிட்டால் மற்றப் பாடங்களும் சேர்ந்து விழும். கவிதையில் ஒரே ஒரு முறை வரும் அபூர்வமான சொல்லுக்குப் பொருளைச் சொல்லிவிட்டுக் கடந்து போங்கள்.

### இரண்டு சொற்களை மாற்றி மாற்றிச் சொல்கிறார் என்றால்

அவற்றை ஒரே நாளில் சொல்லிக்கொடுத்திருப்பீர்கள். 'பாரோ', 'லெண்ட்' இரண்டும் சேர்ந்து வந்தால் கடன் என்பது மட்டும் நினைவிருக்கும், வாங்குவது எது கொடுப்பது எது என்பது குழம்பிவிடும். 'இம்போர்ட்', 'எக்ஸ்போர்ட்' அப்படித்தான். 'தோ, த்ரூ, தாட்' என்று எழுத்தில் ஒட்டிப்பிறந்தவையும் அப்படித்தான். எதிர்ச்சொல்லைச் சேர்த்தே சொல்லித் தருவது நம் பழக்கம். புதுச் சொற்களுக்கு அதை விடுவது நல்லது. ஒன்றை நன்றாகப் பழக்கிவிட்டு, இரண்டு வாரம் கழித்து மற்றதைக் கொண்டு வாருங்கள்.

### இதற்கும் அசையவில்லை என்றால்

காலையில் சாப்பிட்டாரா என்று கேளுங்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. மலையூரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வருகிற ஏழாம் வகுப்புப் பிள்ளை மதியம் சத்துணவு வரை வெறும் வயிற்றோடு இருக்கலாம். அப்படி இருப்பவருக்குச் சொல் சோதனையை மதியத்துக்கு மாற்றிப் பாருங்கள். எப்போதும் சோர்வாகவும் வெளிறியும் இருந்தால் பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் ரத்தசோகை பார்க்கச் சொல்லுங்கள்.

## அறிகுறி 3: தமிழ்ப் பொருளை ஒப்பிக்கிறார், விஷயம் புரியவில்லை

இந்த அறிகுறியைத்தான் நாம் அதிகம் கவனிக்காமல் விடுகிறோம். ஏனென்றால் சோதனையில் இவர் பத்துக்குப் பத்து வாங்குகிறார்.

### முதல் சோதனை: பொருளுக்குப் பொருள் கேளுங்கள்

"ஸ்கேர்சிட்டின்னா என்ன?"

"பற்றாக்குறைங்க சார்."

"பற்றாக்குறைன்னா?"

அமைதி. பக்கத்துப் பிள்ளையைப் பார்க்கிறார்.

கைடில் இருக்கும் தமிழ், பிள்ளை பேசும் தமிழ் இல்லை. ஆங்கிலச் சொல்லை ஒரு ஒலியாகவும் தமிழ்ச் சொல்லை இன்னொரு ஒலியாகவும் சேர்த்து மனப்பாடம் செய்திருக்கிறார். "குழாயில தண்ணி நாலு நாளா வரல, லாரியும் வரல, குடம் இருக்கு தண்ணி இல்ல. அப்போ வாட்டர் ஸ்கேர்சிட்டி" என்று சொன்ன பிறகு அவர் முகத்தைப் பாருங்கள். நிகழ்ச்சி முதலில், ஆங்கிலச் சொல் அடுத்து, ஏட்டுத் தமிழ் வேண்டுமானால் கடைசியில். இந்த வரிசையை மாற்றினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

### பிள்ளை ஏற்கனவே வைத்திருக்கும் ஆங்கிலத்தை எடுங்கள்

பாலக்கோடு, ராயக்கோட்டை பக்கம் தக்காளிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு லோடு, ரேட், கிரேட், கமிஷன் எல்லாம் பால்குடிக்கும்போதே தெரியும். ஓசூர் சிப்காட்டுக்கு வேலைக்குப் போகிறவர் வீட்டில் ஷிஃப்ட், ஓவர்டைம், கான்ட்ராக்ட், கேட் பாஸ் என்று பேச்சு ஓடும். கிருஷ்ணகிரி, பர்கூர், காவேரிப்பட்டணம் வட்டாரத்தில் மாம்பழக்கூழ் ஆலைக்கு சீசனில் போகும் அம்மாக்கள் பல்ப், கிரேடு, பேக்கிங் என்று சொல்வார்கள். இவை அத்தனையும் பொருள் தெரிந்த ஆங்கிலச் சொற்கள். எழுத்தில் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

இவற்றைக் கொக்கியாக வைத்துப் புதுச் சொல்லை மாட்டலாம். மண்டிப் பையன் ஒருவனிடம் 'கமிஷன்' என்றால் என்ன என்று கேட்டபோது, "மண்டியில நம்ம காசுல புடிச்சிக்கிறதுங்க சார். நூறு ரூபாய்க்குப் பத்து ரூபா புடிப்பாங்க" என்றான். "அந்தப் புடிக்கிறதுதான் டிடக்ட்" என்றதும் அவனுக்கு அந்தச் சொல் அன்றே வேலைக்கு வந்துவிட்டது. மாங்காயை வைத்து 'ரா, ரைப், ராட்டன், பீல், சார்ட், கிரைண்ட்' என்று ஒரு வாரத்துச் சொற்களை முடிக்கலாம். பிறகு பாடப்புத்தகத்தில் 'ராட்டன்' ஒரு மரக்கதவுக்கு வந்தாலும், 'ரைப்' ஒரு வயதுக்கு வந்தாலும் பிள்ளை திகைக்காது.

ஆண்டின் தொடக்கத்தில் ஒரு நாள் இதற்காகவே ஒதுக்குங்கள்: "உங்க வீட்ல, தோட்டத்துல, அப்பா வேலையில பேசுற இங்கிலீஷ் வார்த்தை எல்லாம் சொல்லுங்க." பலகை நிறைந்துவிடும். எனக்கு ஆங்கிலமே வராது என்று நம்பிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அந்தப் பலகை பெரிய தைரியம்.

### வீட்டு மொழி தமிழ் இல்லையென்றால்

வேப்பனப்பள்ளி, சூளகிரி, தளி பக்கத்துப் பள்ளிகளில் தெலுங்கும் கன்னடமும் பேசும் பிள்ளைகள் ஏராளம். நகரங்களில் உருது பேசுவோர். இவர்களுக்குத் தமிழ்ப் பொருள் கொடுப்பது என்பது இன்னொரு பாடம் சேர்த்து நடத்துவது. பொருளை வீட்டு மொழியில் சொல்லச் சொல்லுங்கள். உங்களுக்கு அந்த மொழி தெரியாவிட்டால் அதே மொழி பேசும் இன்னொரு மாணவர் சரியா என்று சொல்லட்டும். சரியென்றால் முழு மதிப்பெண் போடுங்கள். பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தாளில் எந்தச் சொல்லுக்கும் தமிழ்ப் பொருள் எழுதச் சொல்லிக் கேட்பதில்லை. ஆகவே இதனால் தேர்வில் ஒன்றும் குறையாது.

## அறிகுறி 4: பொருள் தெரியும், ஸ்பெல்லிங் தவறுகிறது

### முதல் சோதனை: அவர் எழுதியதை அப்படியே படித்துப் பாருங்கள்

'நைட்' என்ற சொல்லை என்-ஐ-டி-இ என்று எழுதியிருக்கிறாரா? படித்தால் ஒலி சரியாக வருகிறது. அப்படியானால் காது சரி, கண்ணுக்குத்தான் பழக்கம் போதவில்லை. அந்த ஐ-ஜி-எச்-டி குடும்பத்தை ஒன்றாக உட்கார வையுங்கள்: நைட், லைட், ரைட், ஃபைட், டைட். ஒன்று வந்தால் மற்றவை தானாக வரும்.

எழுதியதைப் படித்தால் வேறு எதுவோ வருகிறதா? அது ஒலிக் குறை. அறிகுறி 1-க்குத் திரும்புங்கள். ஸ்பெல்லிங் டெஸ்ட் வைத்துப் பயனில்லை.

### இம்போசிஷன் எழுதும் விதத்தைப் பாருங்கள்

பத்துத் தடவை எழுதும்போது பின்னால் நின்று கவனியுங்கள். முதல் எழுத்தை மேலிருந்து கீழே பத்துத் தடவை வரிசையாகப் போடுகிறார்கள், பிறகு இரண்டாம் எழுத்தைப் பத்துத் தடவை, பிறகு மூன்றாவது. பக்கம் நிறைந்தபோது சொல்லை ஒரு தடவைகூட எழுதியிருக்க மாட்டார்கள்.

அதற்குப் பதில்: பார், மூடு, எழுது, ஒப்பிடு. மூன்று தடவை போதும். தவறிய எழுத்தை மட்டும் வட்டம் போடச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஒரு சொல்லில் ஒரே இடம்தான் திரும்பத் திரும்பத் தவறும். மற்ற எழுத்துகளை எழுதவைப்பது வீண் வேலை.

### ஒலிக்காத எழுத்து என்றால்

மனசுக்குள் சொல்ல ஒரு உச்சரிப்பு, வாயால் சொல்ல ஒரு உச்சரிப்பு. 'வெட்-நெஸ்-டே', 'க்-நைஃப்', 'இஸ்-லேண்ட்'. எழுதும்போது முதலாவது, பேசும்போது இரண்டாவது என்று பிரித்துச் சொல்லிவிடுங்கள்.

## அறிகுறி 5: தனியாகக் கேட்டால் தெரியும், வாக்கியத்தில் தப்பாக விழுகிறது

### "ஷி இஸ் பியூட்டி"

நோட்டில் 'பியூட்டி – அழகு' என்று இருக்கும். தமிழில் 'அவள் அழகு' என்பது முழு வாக்கியம். பிள்ளை தமிழ்ப்படி சரியாகத்தான் எழுதியிருக்கிறார். 'ஐ அம் ஹங்கர்' என்பதும் இப்படி வந்ததுதான். சொல்லைத் தனியாகக் கொடுக்காமல் குடும்பமாகக் கொடுங்கள்: பியூட்டி, பியூட்டிஃபுல், பியூட்டிஃபுலி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன வாக்கியம். இலக்கணப் பெயர் சொல்ல வேண்டாம், வாக்கியமே போதும்.

### "ஐ ஏட் டேப்லெட்"

மாத்திரை சாப்பிட்டேன், கனவு கண்டேன், ஊசி போட்டார்கள். இந்த மூன்றையும் நேராக மாற்றினால் 'ஐ ஏட் டேப்லெட்', 'ஐ சா எ ட்ரீம்', 'தே புட் இஞ்செக்ஷன்' என்றுதான் வரும். ஒவ்வொரு சொல்லும் தெரியும்; எந்தச் சொல் எதோடு சேரும் என்பதுதான் தெரியவில்லை. எந்த கைடும் இதைச் சொல்லித் தருவதில்லை. இதற்கு மேல்நிலை வகுப்பிலும் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள் என்பதால் ஆறாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுவது நல்லது.

நோட்டில் பெயர்ச்சொல்லைத் தனியாக எழுதவே விடாதீர்கள். கூட்டாளியோடு எழுதட்டும்: டேக் எ டேப்லெட், ஹேவ் எ ட்ரீம், கிவ் அன் இஞ்செக்ஷன், கேட்ச் எ பஸ், டெல் எ லை, மேக் எ மிஸ்டேக். சோதனையிலும் 'டேப்லெட்டுக்கு மீனிங் என்ன' என்று கேட்காமல், "மாத்திரை சாப்பிட்டேன், எப்படிச் சொல்வே?" என்று கேளுங்கள்.

### சொல் சரி, காலமும் வரிசையும் தவறு என்றால்

அது இலக்கணப் பாடத்தின் வேலை. சொல் சோதனையில் அதற்குச் சிவப்பு மை வேண்டாம். சரியான சொல்லைத் தேடிப் பிடித்துப் போட்டவருக்கு அந்த மதிப்பெண்ணைக் கொடுத்துவிடுங்கள்; இல்லாவிட்டால் அடுத்த முறை தெரிந்த நான்கு சொல்லுக்குள்ளேயே சுற்றிவருவார்.

## அறிகுறி 6: சினானிம், ஆன்டனிம் வினாவில் மட்டும் மதிப்பெண் போகிறது

பத்தாம் வகுப்புத் தாளில் ஒரு மதிப்பெண் வினா 14. முதல் மூன்று சினானிம், அடுத்த மூன்று ஆன்டனிம்.

சினானிமை ஆன்டனிமாக எழுதியிருந்தால் வினாவின் தலைப்பைப் படிக்கவில்லை. தலைப்பில் அந்தச் சொல்லை வட்டமிட்ட பிறகுதான் விடை எழுத வேண்டும் என்று பழக்குங்கள்.

அது இல்லையென்றால், அதே சொல்லைப் புது வாக்கியத்தில் போட்டு, விடைகளின் வரிசையையும் மாற்றிக் கொடுங்கள். விழுந்தால், கைடிலிருந்த விடையை மட்டும் மனப்பாடம் செய்திருக்கிறார். வாக்கியத்தைப் பார்க்காமல் விடை எழுத முடியாத சொற்களாகக் கொடுத்துப் பழக்குங்கள். 'கரண்ட்' என்றால் பிள்ளைக்கு மின்சாரம்தான். 'கரண்ட் அஃபேர்ஸ்' என்பதில் அது வேறு. 'ஃபைன்' சில நேரம் நன்று, சில நேரம் அபராதம்.

முன்னொட்டில் தடுமாறினால்: 'இன்' என்பது ப், ம் ஒலிக்கு முன்னால் 'இம்' ஆகும், இம்பாசிபிள், இம்மெச்சூர். 'அன்' மாறாது, அன்பாப்புலர். எந்தச் சொல் எதை எடுக்கும் என்பதற்கு முழு விதி கிடையாது. சொல்லோடு சேர்த்தே பழக வேண்டியதுதான்.

## அறிகுறி 7: எழுதுகிறார், வாய் திறப்பதில்லை

தமிழ் வகுப்பில் பேசுகிறாரா என்று தமிழாசிரியரிடம் கேளுங்கள். அங்கே பேசினால் இங்கே சிரிப்புக்குப் பயம். முதலில் வகுப்பே சேர்ந்து சொல்லட்டும், பிறகு பக்கத்திலிருப்பவரோடு, பிறகு ஒரு சொல் விடை. உச்சரிப்பைப் பார்த்துச் சிரித்தவரை விட்டுவிடாதீர்கள்; அன்றே, அங்கேயே நிறுத்துங்கள்.

எந்த வகுப்பிலும் பேசாதவர், அல்லது திக்குகிறவர் என்றால் இது சொல் சம்பந்தப்பட்டது இல்லை. பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்ட வேண்டும். வழி கடைசித் தலைப்பில்.

## அறிகுறி 8: நன்றாக இருந்தவர் திடீரென்று நின்றுவிட்டார்

வருகைப்பதிவேட்டைத் திறங்கள். கட்டட வேலைக்குப் பெற்றோர் பெங்களூரு போயிருக்கலாம். பிள்ளை பாட்டி வீட்டில் இருந்துகொண்டு தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்கிறதோ என்னவோ. விட்டுப்போன பாடத்தின் சொற்களை மொத்தமாகக் கொடுக்காமல், இப்போது நடக்கும் பாடத்துக்குத் தேவையானதை மட்டும் அட்டையில் எழுதிக் கொடுங்கள்.

ஒரு பெண் பிள்ளை திடீரென்று பேச்சைக் குறைத்து, நோட்டு எழுதுவதை நிறுத்தி, அடிக்கடி விடுப்பு எடுத்தால் வீட்டில் கல்யாணப் பேச்சு நடக்கிறதா என்று விசாரியுங்கள். நம் இரண்டு மாவட்டங்களிலும் இது நடக்கிறது. தெரிந்தும் பேசாமல் இருக்கக் கூடாது. தலைமையாசிரியரிடம் உடனே சொல்லுங்கள். 1098 குழந்தைகள் உதவி எண். யார் வேண்டுமானாலும் அழைக்கலாம். சொல்லும் மதிப்பெண்ணும் பிறகு.

## அறிகுறி 9: எதைச் செய்தாலும் அசையவில்லை

மேலே சொன்னவற்றை ஒரு பருவம் ஒழுங்காகச் செய்தும் மாற்றமில்லை என்றால் நம் வேலை, சரியான ஆளிடம் அனுப்புவது. வரிசை இது:

### கண்

கடைசி வரிசையில் இருப்பவரை ஒரு வாரம் முதல் வரிசையில் உட்கார வையுங்கள். பலகையைப் பார்த்து எழுதுவதில் தவறு குறைந்தால் கண் பரிசோதனை வேண்டும். பலகைக்குப் பதில் பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதுவது, கண்ணைச் சுருக்குவது, தலைவலி என்பது எல்லாம் அறிகுறிகள்தான். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 'கண்ணொளி காப்போம்' திட்டத்தில் இலவசமாகக் கண்ணாடி கிடைக்கும். கண்ணாடி வந்தபின் போட்டுக்கொள்கிறாரா என்று பாருங்கள். கேலிக்குப் பயந்து பையிலேயே வைத்துக்கொள்பவர் உண்டு.

### காது

அவருக்குப் பின்னால் நின்று, உதட்டைப் பார்க்க முடியாதபடி, சாதாரணக் குரலில் பத்துத் தமிழ்ச் சொற்களைச் சொல்லித் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். தவறினால் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் அனுப்புங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு ஊர்களிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழு 18 வயது வரை உள்ள பிள்ளைகளைப் பரிசோதித்து அங்கே பரிந்துரைக்கும். பேச்சுக் குறைக்கும் இதே வழிதான்.

### கற்றல் குறைபாடு

கண்ணும் காதும் சரி. வாயால் கேட்டால் கெட்டிக்காரத்தனமாகப் பதில் சொல்கிறார். ஆனால் ஆறாம் வகுப்பு தாண்டியும் தமிழ் படிப்பதிலேயே எழுத்து விழுங்குகிறார், ஒரே சொல்லை ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதுகிறார், ஆங்கிலத்தில் 'பஸ்'ஸின் முதல் எழுத்தையும் 'டீசல்' முதல் எழுத்தையும் இன்னும் இடம் வலமாக மாற்றுகிறார். இவற்றில் பல சேர்ந்திருந்தால் வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரை அழையுங்கள். நாமாகப் பெயர் வைத்துவிடக் கூடாது. முடிவு சொல்ல வேண்டியது மதிப்பீடு செய்யும் நிபுணர். ஆங்கிலத்தில் மட்டும் இந்தத் தடுமாற்றம், தமிழில் இல்லை என்றால் பெரும்பாலும் அது கற்பித்தல் விட்ட இடைவெளி. அறிகுறி 1-இல் இருந்து மறுபடி தொடங்குங்கள்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வகைப்படுத்திய 21 குறைபாடுகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று. சான்று இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகளுக்குத் தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பிக்கலாம். பத்தாம் வகுப்பு அரையாண்டு வரை காத்திருந்தால் காலம் போய்விடும். எட்டாம் வகுப்பிலேயே தொடங்குங்கள்.

பெற்றோரை வரவழைக்கும்போது மதிப்பெண் பட்டியலை நீட்டாமல் பிள்ளையின் இரண்டு மூன்று நோட்டுகளைக் காட்டிப் பேசுங்கள். முதல் வார்த்தையிலேயே, "இவன் சொல்லச் சொன்னா நல்லா சொல்றாங்க, எழுத்துலதான் சிரமப்படுறான், அதைப் பார்க்குற டாக்டர் இருக்காங்க" என்று தொடங்கினால் அம்மா பயப்படாமல் கேட்பார். மதிப்பீட்டுக்குப் போகும்போது அந்த நோட்டுகளும் கூடப் போகட்டும்.

சான்று கைக்கு வரும்வரை அவருக்குச் சொல் சோதனையை வாய்மொழியாக நடத்துங்கள். பொருள், வாக்கியம் இரண்டையும் வாயால் கேட்டு, எழுத்துச் சோதனையின் மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் தேதியோடு குறித்து வையுங்கள். இரண்டு வரிசைக்கும் உள்ள இடைவெளிதான் நிபுணர் முதலில் கேட்டு வாங்கிப் பார்ப்பது.